மாமனுக்கு முன்னால் வந்த மாலை

எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் இல்லை என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். இருக்கிறது. காலையில் நயினார்கோவிலிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் வரும். ஊருணிக் கரையில் இறங்கும். டீ குடிக்கும். அதே பஸ்ஸில் திரும்பிப் போய்விடும். மற்ற நேரத்தில் பேச வேண்டுமென்றால் மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் ஒன்பதாவது படியில் நிற்க வேண்டும். எட்டாவது படியில் ஒன்றும் கிடைக்காது. பத்தாவது படிக்குப் போனால் இலங்கைக்கு உங்களை வரவேற்று மெசேஜ் வந்துவிடும்.

இப்படிப்பட்ட ஊரில், என் பேத்தி சிநேகாவின் காதுகுத்துக்கு அச்சடித்த பத்திரிகை வேண்டாம், இணையத்தில் ஒரு பக்கமாகப் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். பெயர் வேல்சாமி. வயது எழுபத்து நான்கு. காரணமில்லாமல் சொல்லவில்லை. என் மகன் கல்யாணப் பத்திரிகையில் நாற்பத்திரண்டு பேர் பெயர் போட்டோம். ஏழாவதாகப் போட்ட பங்காளி, தன்னை எட்டாவதாகப் போட்டுவிட்டதாக இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார். எண்ணிக் காட்டினேன். எண்ணுவதை நான் எங்கிருந்து ஆரம்பித்தேன் என்பதில் சந்தேகம் இருப்பதாகச் சொன்னார். இணையப் பக்கத்தில் அந்த வம்பு கிடையாது, ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள், வணக்கம் சொல்வார்கள், முடிந்தது என்று நினைத்தேன்.

பக்கத்தை எழுதிக் கொடுத்தவள் கிறிஸ்டினா. என் மருமகள் ராமலெட்சுமியோடு ராமநாதபுரத்தில் காலேஜ் படித்தவள். ஊர் பாம்பன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள். தோழிக்காகச் சும்மாவே செய்து தருகிறேன் என்றாள்.

பக்கத்துக்கு நாலு உருப்படிகள். முதலில் தாய்மாமன். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ராமலெட்சுமிக்குக் கூடப் பிறந்தது ஒரே அண்ணன், பூமிநாதன். சாயல்குடிப் பக்கம் உப்பளம் வைத்திருக்கிறார். இரண்டாவது, அவர் கழுத்தில் விழ வேண்டிய மாலை. மூன்றாவது, நயினார்கோவில் காளிராஜ். ஒலிபெருக்கி செட் போடுகிறவர். தன் விளம்பரத்தை அந்தப் பக்கத்தில் போட்டால் அன்றைக்கு செட் இலவசம் என்றார், நான் சரியென்றேன். நான்காவது, ஒரு நாதஸ்வரப் பாட்டு.

பூமிநாதன் தன் படத்தை அனுப்பினார். அது படம் இல்லை. அவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ஃபிளெக்ஸ் அடித்த ஸ்டூடியோக்காரர் வைத்திருந்த மூலம். இருபதடி அகலம், பன்னிரண்டடி உயரம். கறுப்புக் கண்ணாடி, புல்லட், பின்னால் அவர் எந்தக் காலத்திலும் போகாத ஒரு பனிமலை. கூடவே புல்லட் சத்தம் தனியாக.

“அண்ணே, இது ரொம்பப் பெருசு. போனுக்கு இவ்வளவு வேண்டாம். சுருக்கிப் போட்டுக்கிறேன்” என்று கிறிஸ்டினா சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

“சுருக்குனா எனக்குத் தெரியும். மீசையில ஒரு முடி கொறைஞ்சாலும் நான் கண்டுபிடிச்சிருவேன், ஆமா.”

அவள் சுருக்கவில்லை. காளிராஜ் அனுப்பியது ரேஷன் கார்டுக்கு எடுத்த படம். கட்டைவிரல் அளவு.

காதுகுத்துக்குப் பத்து நாளுக்கு முன்னால் பக்கத்தின் முகவரியை எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அன்று சாயங்காலமே பூமிநாதனிடமிருந்து அழைப்பு. நான் ஒன்பதாவது படியில் நின்று பேசினேன்.

“மாமா, ஒரு சந்தேகம். எங்கய்யாவுக்கு நான் ஒரே மகன்தானே?”

“என்ன மாப்ள இப்படிக் கேக்குறீக? ஊரறிஞ்ச விசயம்.”

“அப்ப இந்தக் காளிராஜ்ங்கிறது யாரு? மாலையும் கழுத்துமா நிக்கிறான். அவன் தலைக்கு மேல ‘தாய்மாமன் வருக வருக’ன்னு எழுத்து மின்னுது. நான் எங்க இருக்கேன்னு தேடுனேன். டீ குடிச்சிட்டு வந்து பாத்தா, அவனுக்குக் கீழ, வெறுங்கழுத்தோட, வண்டிய உறும விட்டுக்கிட்டு நிக்கிறேன். அவனுக்கு டிரைவரு மாதிரி!”

“மாப்ள, சிக்னல் சரியில்ல…” என்று சொல்லிக்கொண்டே ஒரு படி மேலே ஏறினேன். இலங்கை என்னை அன்போடு வரவேற்றது.

கிறிஸ்டினாவுக்குப் போன் போட்டேன்.

“எனக்கு இங்கன சரியா வருதே தாத்தா! மொதல்ல அண்ணன் வாராரு, மாலை விழுகுது, அப்பறந்தான் காளிராஜ். இருவது தடவ பாத்துட்டேன்.”

“சாயல்குடியில அப்படி வரலையாம் தாயி.”

“அண்ணன் படம் கனம். அது இறங்குறதுக்குள்ள சின்னச் சின்னதெல்லாம் முந்திக்கிருது போல. மாலைய, ‘மொதல்ல யாரு நிக்கிறாகளோ அவுகளுக்குப் போடு’ன்னு எழுதி வச்சிருந்தேன். அத மாத்திர்றேன். ஒரு கட்டம் வரைஞ்சு, அதுக்குத் தாய்மாமன்னு பேரு வச்சு, அங்க மட்டும் போடச் சொல்றேன்.”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பழக்கமில்லை.

“அப்படியே மாலைய ஒரு பத்து எண்ணிட்டுப் போடச் சொல்லு தாயி. அதுக்குள்ள மாமன் வந்துருவாப்ள.”

அவளுக்கு ஆபீஸ் மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. சரி தாத்தா என்று பத்து விநாடி எண்ண வைத்துவிட்டாள். பாம்பனில் பார்த்தாள், பிரமாதமாக இருந்தது. போய்விட்டாள்.

சாயல்குடியில் பூமிநாதன் இறங்கப் பத்து விநாடி போதவில்லை. மாலை பத்து எண்ணியது. கட்டத்துக்குப் போனது. கழுத்தைத் தேடியது. கழுத்து இன்னும் வந்து சேரவில்லை. மாலை என்ன செய்யும்? யார் கையிலாவது கொடுத்துவிட்டுப் போகவும் முடியாது. கட்டத்தின் இரண்டு மூலையிலும் பிடித்துத் தொங்கிவிட்டது. கட்டத்துக்குக் கீழே அழகுக்காக ஒரு குத்துவிளக்கு வைத்திருந்தாள், அதுவும் எரிந்துகொண்டிருந்தது. பொறுமையாகப் பூமிநாதன் வந்தார். தொங்குகிற மாலைக்குள்ளே, எரிகிற விளக்குக்கு மேலே போய் அமர்ந்தார்.

யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டான். ‘நம்ப முடியவில்லை’ என்று ஒருவர் எழுதினார். கீழே பதினெட்டுப் பேர் கை கூப்பினார்கள்.

மறுநாள் காலை கமுதியிலிருந்து மூன்று பெரியவர்கள் ஆட்டோ பிடித்துச் சாயல்குடிக்குப் போனார்கள். பூமிநாதன்தான் வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டார். அவரே காபி கொண்டுவந்து கொடுத்தார். துக்க வீட்டில் யார் கொடுக்கிறார்கள் என்று யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒருவர் காபியை ஆற்றிக்கொண்டே, “எப்ப நடந்துச்சு?” என்று கேட்டார்.

“நேத்துச் சாயங்காலம் ஆறு மணி வாக்குல” என்றார் பூமிநாதன்.

“நல்ல மனுசன்.”

“ஆமா.”

“கோவந்தான் கொஞ்சம் கூட.”

“யாரு சொன்னது?” என்று இவர் கேட்ட குரலில்தான் மூவரும் நிமிர்ந்து பார்த்தார்களாம். காபி டம்ளர்கள் இன்னும் கிடைக்கவில்லை. கொண்டுவந்த மாலையைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்பதால், ஓடுகிற ஓட்டத்தில் தொழுவத்தில் நின்ற கன்றுக்குட்டிக்குப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று அவர் என்னைக் கூப்பிடவில்லை. தங்கையைக் கூப்பிட்டார். ஏணிப்படியில் ராமலெட்சுமி நின்றாள், கீழே குழந்தையை வைத்துக்கொண்டு நான் நின்றேன். ஒலிபெருக்கியில் போடாமலே எனக்குக் கேட்டது.

“செத்தவன் மடியில வச்சு எப்படித்தா காது குத்துவ? நான் வரல. அந்தக் காளிராஜ் மடியில வச்சுக் குத்திக்க.”

“அண்ணே, அது கம்ப்யூட்டர் செஞ்ச தப்புண்ணே…”

“கம்ப்யூட்டருக்கு என்னையத் தெரியாது. ஊருக்குத் தெரியுமில்ல? கேட்டுக்க. என் போன்ல, என் உப்பளத்துல, நாலு பேரு பாக்க, மொத ஆளா நான் வரணும். மாலை என் கழுத்துல விழுகணும். அதுக்குப் பொறவுதான் மத்தவன். அப்படி வந்துச்சுன்னா நானும் வாரேன். இல்லன்னா சீரை மட்டும் லாரியில ஏத்தி விடுறேன், எறக்கிக்க.”

ராமலெட்சுமி இறங்கி வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அது இன்னும் மோசம்.

“எங்கண்ணன் மடியில இல்லன்னா எம்புள்ளைக்குக் காதே குத்த வேண்டாம் மாமா. மூளியாவே இருக்கட்டும். அப்பா இல்லாத எனக்குக் காது குத்துனப்பவும் மாமன் மடி கெடையாது. பதிமூணு வயசு எங்கண்ணந்தான் மடியில வச்சிருந்துச்சு.” பிறகு, “பத்து எண்ணச் சொன்னது யாரு மாமா?” என்றாள்.

நான் குழந்தையைப் பார்த்தேன். குழந்தை என்னைப் பார்த்தது. அதற்கும் தெரிந்திருந்தது.

காதுகுத்துக்கு ஒரு வாரம் இருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில், சிக்னலுக்கு இடம் கொடுத்து நான் ஓரமாக உட்கார்ந்து, ராமநாதபுரம் போய் அங்கிருந்து பாம்பன் போனேன். பாலத்தில் காற்று கொஞ்சம் அதிகம். என் துண்டு ஜன்னல் வழியாகப் பறந்து, எதிரே வந்த பஸ் டிரைவரின் தோளில் சரியாக மடித்தபடியே போய் உட்கார்ந்தது. அவர் எனக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

கிறிஸ்டினா வீட்டு முற்றத்தில் அவள் அம்மா யாகப்பம்மாள் நெத்திலியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்.

“ஏட்டி, உசுரோட இருக்கிற மனுசனுக்கு மாலை தொங்கவிட்டுட்டியாமே! இதுக்கா ஒன்னை ராத்திரி பகலா படிக்க வச்சோம்?”

“எம்மா, சும்மா இரு. எனக்கு இங்கன சரியா வருது!”

“கடல்ல கெடக்கிறவனுக்குத்தான் காத்து தெரியும். நீ ஏசியில ஒக்காந்து பாத்தா?”

இந்த ஒரு வார்த்தையில் கிறிஸ்டினா சட்டென்று நின்றாள். கம்ப்யூட்டரைத் திறந்தாள். “தாத்தா, ஒங்க ஊரு அளவுக்கு லைனை மெதுவாக்கிப் பாக்க இதுலயே ஒரு வசதி இருக்கு. ஏற்கெனவே சேத்து வச்சதையும் அழிச்சிட்டு, புதுசா ஒரு ஆளு பாக்குற மாதிரி பாக்குறேன்” என்றாள். எங்கள் ஊர் எவ்வளவு மெதுவு என்று கேட்டாள். சொன்னேன். அவ்வளவு மெதுவாக்க அந்த வசதியில் இடமில்லை என்றாள். இருப்பதில் கடைசியாக இருந்ததை வைத்தாள்.

பக்கம் திறந்தது. பாட்டு வந்தது. காளிராஜ் வந்தார். மாலை வந்து தொங்கியது. விளக்கு எரிந்தது. வெகுநேரம் கழித்துப் பூமிநாதன் வந்து அமரரானார்.

“மாதாவே!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். யாகப்பம்மாளும் எட்டிப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, “பாக்கிறதுக்கு நோஞ்சான் மாதிரி இல்லையே, நல்லாத்தான இருந்திருக்காரு” என்றார்.

சிரித்து முடித்ததும் கிறிஸ்டினா எனக்கு விளக்கினாள். “இந்த நாலும் தனித்தனி ஸ்கிரிப்ட் தாத்தா. நாலுக்கும் ‘ஏசிங்க்’னு எழுதி வச்சிருக்கேன். அப்படி எழுதுனா எல்லாரும் ஒரே நேரத்துல கெளம்புவாக. யாரு மொதல்ல வந்து சேர்றாகளோ அவுக ஒடனே வேலைய ஆரம்பிச்சிருவாக. யாரும் யாருக்காகவும் நிக்க மாட்டாக.”

“எங்க பங்காளிக பூராம் அப்படித்தான்.”

“இங்கன லைன் வேகம். நாலு பேரும் ஒண்ணா வந்துருவாக, நான் எழுதுன வரிசையில வந்த மாதிரியே தெரியும். வரிசை இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். வரிசையே இல்ல தாத்தா, வேகந்தான் இருந்திருக்கு.”

“அப்ப ஒவ்வொரு ஆளா அனுப்பு. மாமன் போய்ச் சேந்த பொறவு அடுத்தாளக் கெளப்பு.”

“அப்படிச் செஞ்சா மாமன் வந்து சேர்ற வரைக்கும் மத்தவுக வீட்டுலயே ஒக்காந்திருப்பாக. அவரு வந்த பொறவு இவுக கெளம்பி வர இன்னும் நேரமாகும். வேண்டாம். எல்லாரும் இப்பவே ஒண்ணாக் கெளம்பட்டும். வந்து வாசல்ல நிக்கட்டும். உள்ள நுழையிறது மட்டும் நான் எழுதுன வரிசைப்படி. ‘டிஃபர்’னு எழுதுனா அப்படித்தான் நடக்கும்.”

இது எனக்கு நியாயமாகப் பட்டது. அவள் ஒரு தாளை எடுத்தாள். யாருக்கு யார் வேண்டும் என்று எழுதத் தொடங்கினாள்.

“மாலைக்கு என்ன வேணும்?”

“கழுத்து” என்றேன்.

“கழுத்துக்கு?”

“பூமிநாதன்.”

“அப்ப மாலை பத்து எண்ணவும் வேண்டாம், நூறு எண்ணவும் வேண்டாம். படம் முழுசா வந்து, ‘நான் வந்துட்டேன்’னு அதுவே சொல்லும். சொன்ன பொறவு மாலை எறங்கும். பத்து எண்ணுறதெல்லாம் கண்ணாமூச்சி ஆட்டத்துக்குத்தான் தாத்தா.”

நான் நெத்திலியைப் பார்த்தேன்.

“பாட்டுக்கு யாரும் வேண்டாம். அது எப்ப வேணா வரட்டும், அத ஏசிங்காவே விட்டுர்றேன். காளிராஜுக்கும் யாரும் வேண்டாம். அவரையும் அப்படியே…”

“ஐயையோ! காளிராஜ் மாமனுக்குப் பின்னாடிதான் வரணும்.”

“ஏன் தாத்தா? அவரு வேலைக்கு மாமன் தேவையில்லையே. தனியா ஒரு மூலையில நிப்பாரு.”

“ஒங்க கணக்குல தேவையில்ல தாயி. எங்க ஊருல மாமனுக்கு முந்தி நாய் உள்ள வந்தாக்கூட, அத யாரு வரச் சொன்னதுன்னு பஞ்சாயத்து வைப்பாக.”

அவள் பேனாவைக் கடித்தாள். பிறகு தாளில் காளிராஜ் பெயரிலிருந்து பூமிநாதன் பெயருக்கு ஒரு கோடு இழுத்தாள். மற்றக் கோடுகளைவிடத் தடிமனாக.

“படத்தக் கொஞ்சம் சுருக்கிக்கட்டுமா தாத்தா? எல்லாமே நொடியில முடிஞ்சிரும்.”

“மீசையில ஒரு முடி…” என்றேன்.

“சரி, விடுங்க.”

காத்திருக்கிற நேரத்தில் பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தால் மனிதர் போனை உப்புப் பாத்தியில் எறிந்துவிடுவார் என்று சொன்னேன். அங்கே ஒரு வரி எழுதினாள். குத்துவிளக்கைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தாள். யாகப்பம்மாள் போட்ட நண்டுக் குழம்பில் நான் என் பங்கை முடித்தபோது அவளும் வேலையை முடித்திருந்தாள். மெதுவான லைனில் ஒன்பது தடவை ஓட்டிக் காட்டினாள். ஒன்பது தடவையும் மாமன், மாலை, காளிராஜ். ஒருதடவை பாட்டு கடைசியில் வந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

“நானும் சாயல்குடிக்கு வாரேன் தாத்தா. மாலைய மாட்டுனது நானு. நானே நின்னு பாக்கணும்” என்று மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

உப்பளத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. பூமிநாதன் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாட்சிக்கு நாலு பேர் கேட்டவர், நாற்பது பேரை நிறுத்தி வைத்திருந்தார். உப்பு வாருகிறவர்கள், லாரிக்காரர்கள், எங்கிருந்தோ வந்த ஒரு ஐஸ் வியாபாரி. முன்வரிசையில் உப்பு வாரும் பூங்கோதை, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“வாங்க மாமா” என்றார் பூமிநாதன், என்னைப் பார்க்காமல். கிறிஸ்டினாவைப் பார்த்து, “நீதான் என்னைய அனுப்பி வச்ச புள்ளையா?” என்றார்.

“மன்னிச்சிருங்கண்ணே. இன்னைக்கு வர வைக்கத்தான் வந்திருக்கேன்” என்றாள் அவள்.

அவர் போனை எடுத்தார். சிக்னல் ஒரே ஒரு கோடு, அதுவும் வெயிலில் வளைந்திருந்தது. தொட்டார். நாற்பது தலைகள் குனிந்தன. திரையில் ஒரு நீளமான சாலை வந்தது, வெறும் சாலை. கீழே ஒரு வரி: ‘தாய்மாமன் வந்துகொண்டிருக்கிறார்.’

பூங்கோதை சத்தமாக எண்ணத் தொடங்கினாள். யாரும் எண்ணச் சொல்லவில்லை. “பத்து… பதினஞ்சு…”

நாதஸ்வரம் கிளம்பியது.

“பாட்டு வந்துருச்சு. நான் எங்க?” என்றார் பூமிநாதன்.

“வந்துக்கிட்டே இருக்கீகண்ணே.”

“காளிராஜ் எங்க?”

“அவரு அப்பவே வந்துட்டாருண்ணே. வாசல்ல நிக்கிறாரு.”

“வந்துட்டானா?”

“வந்துட்டாரு. ஆனா நீங்க வராம அவரால உள்ள நுழைய முடியாது.”

பூமிநாதன் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். “மாலை?”

“அதுவும் வந்துருச்சு. ஒங்க கழுத்துக்காக நிக்கிது.”

“முப்பத்தஞ்சு…” என்றாள் பூங்கோதை. “எல்லாரையும் வெயில்ல காக்கப் போட்டுட்டீகளே மொதலாளி!”

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மீசை ஒருபக்கமாகத் தூக்கியது. “நிக்கட்டும்” என்றார்.

நாற்பது வந்தது. ஐம்பது வந்தது. கிறிஸ்டினா கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்து எட்டில் டபடபவென்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ பின்னால் வண்டியில் வருகிறார்கள் என்று நாலு பேர் வரப்பிலிருந்து விலகி நின்றார்கள். பனிமலையிலிருந்து புல்லட்டில் பூமிநாதன் இறங்கி வந்தார். நடுவில் நின்றார். தலைக்கு மேலிருந்து மாலை இறங்கியது. மூலையில் தொங்கவில்லை, ஓரத்தில் சாயவில்லை. அளவெடுத்த மாதிரி கழுத்தில் விழுந்தது. ‘தாய்மாமன் வருக வருக’ என்று எழுத்து மின்னியது. அதற்குப் பிறகு, ஒரு மூலையில், கட்டைவிரல் அளவில், காளிராஜ் கை கூப்பியபடி எட்டிப் பார்த்தார்.

உப்பளத்தில் எழுந்த சத்தத்தில் ஏர்வாடி வரைக்கும் கொக்குகள் கிளம்பின என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஐஸ் வியாபாரி எல்லாருக்கும் ஐஸ் கொடுத்தார்.

“இன்னொருவாட்டி!” என்று பூமிநாதன் மறுபடி தொட்டார். இந்தமுறை தொட்ட மாத்திரத்தில் வந்து நின்றார். மாலை விழுந்தது. காளிராஜ் எட்டிப் பார்த்தார். எல்லாம் இரண்டே விநாடி. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“என்னம்மா இது, யாரையும் காக்க வைக்காம வந்துட்டேன்?”

“ஒரு தடவ வந்துட்டீகள்லண்ணே, போன் ஒங்கள ஞாபகம் வச்சுக்கிருச்சு.”

“மறக்கச் சொல்லு.”

அவள் போனை வாங்கி மறக்கவைத்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அவர் பதினொரு தடவை அப்படி வந்தார் என்று பூங்கோதை கணக்குச் சொன்னாள்.

கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவகிட்ட சொல்லிருங்க மாமா. ஞாயித்துக்கிழம அண்ணன் வாரேன்னு.”

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் ஐயனார் கோயிலில் ஆசாரி வந்துவிட்டார், ஊசியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சமையல்காரர்கள் வந்துவிட்டார்கள். காளிராஜ் செட்டைக் கட்டி முடித்து, மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கோயில் எல்லைக்கு வெளியே ரோட்டில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன்.

“வேண்டாம்ணே. மாமன் வரட்டும். எனக்கு எதுக்கு வம்பு? என்னைய மாலையோட பாத்ததுலருந்து எம்பொண்டாட்டியே எனக்கு எப்ப தங்கச்சி பொறந்துச்சுன்னு கேக்குறா.”

எட்டரை ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. சீர்த்தட்டு லாரி வந்தது. சீர் இறங்கியது. பூமிநாதன் இறங்கவில்லை. டிரைவரைக் கேட்டால், பின்னாடி வாராரு என்றார். ராமலெட்சுமி குழந்தையை மார்பில் சாய்த்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். ஒன்பதரைக்கு அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: “வருவேன்னு அண்ணன் தன் வாயாலதான சொல்லுச்சு மாமா?”

“என் கையப் பிடிச்சுச் சொன்னாப்ள.”

அந்த நேரம் பார்த்து ஆட்டுக்காரர் ஒருவர் வந்தார். சாயல்குடிக்காரர் ஒருவர் ஊர் எல்லைப் புளியமரத்தடியில் புல்லட்டை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பக்கம் போகிற ஆட்களிடமெல்லாம் ‘எல்லாரும் வந்தாச்சா, யாரும் உள்ள போயிறலையே’ என்று விசாரிக்கிறார் என்றார்.

ராமலெட்சுமி சிரித்தாள். பத்து நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புளியமரத்தைப் பார்த்து ஓடினாள். “அண்ணே! எல்லாரும் வந்து நிக்கிறாகண்ணே! நீ ஒராளுதான் பாக்கி!” என்று அவள் போட்ட சத்தம் இங்கே எங்களுக்குக் கேட்டது. புல்லட் உறுமியது. தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பூமிநாதன் வந்தார். எல்லையில் இறங்கினார். மாலை விழுந்தது. அவருக்குப் பின்னால் காளிராஜ், காளிராஜுக்குப் பின்னால் நாங்கள் எல்லாரும் உள்ளே போனோம். எங்கள் ஊர் வரலாற்றில் ஒரு வரிசைக்கு யாரும் ஆட்சேபம் சொல்லாத ஒரே நாள் அதுதான். ஏழாவது பங்காளிகூட ஏழாவதாகவே நடந்தார்.

சிநேகாவை மாமன் மடியில் உட்காரவைத்தார்கள். காளிராஜ் மைக்கை ஆசாரிக்குப் பக்கத்தில் வைத்தார். ஆசாரி ஒரு காதைப் பிடித்தார். குத்தினார். குழந்தை, இது என்ன புதுப் பழக்கம் என்பதுபோல் அவரைப் பார்த்தது, அவ்வளவுதான். அழவில்லை. பூமிநாதன்தான், துளி ரத்தத்தைப் பார்த்ததும், கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே தாரை தாரையாக, வாய்விட்டு, ஓ என்று அழுதார். இரண்டாவது காதுக்கு இன்னும் சத்தமாக அழுதார். ராமலெட்சுமி முந்தானையால் முதலில் அண்ணன் கண்ணைத்தான் துடைத்தாள், பிறகுதான் குழந்தையின் காதை. மைக் அவர் வாய்க்கு நேரே இருந்தது. காளிராஜின் செட் நல்ல செட். மூன்று ஊருக்குக் கேட்டது.

மறுநாள் நயினார்கோவிலில் இரண்டு பேர் என்னை நிறுத்தி, “பேத்தி ரொம்ப அழுதுருச்சாமேண்ணே, பாவம். குரலு என்ன அப்படிக் கட்டையா இருந்துச்சு?” என்று விசாரித்தார்கள்.

தாய்மாமன் குரல் அப்படியே வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.